நிலையா முகவரியும் நிலைத்த பெயரும்

பொருள்களைப் பெயரிட்டு வழங்குதல் மக்கட்கு இயல்பு. பெயரில்லாத பொருளைப் பிறர்க்கு உணர்த்துதல் எளிதன்று. இதுபற்றியே நம் இலக்கண நூலோர் பெயரியலைத் தனித்து வகுத்து, இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என அவற்றின் பாகுபாடும் காட்டினர். ஆயின், இன்று ஓரிடத்தும் நாளை வேறோரிடத்தும் இருப்பதாகிய ஒன்றை ஒரே பெயரால் எந்நாளும் தேடிக் காணுதல் எவ்வாறு என்னும் வினா இக்காலத்து இணையத்திலேதான் பெரிதும் எழுகின்றது. வீட்டில் ஒரு சிறு கணினியை நிறுவி, அதன்கண் உள்ள பக்கங்களை உலகோர் காணுமாறு செய்ய விரும்புவார்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் இதுவே. அவ்விடரை நீக்குதற்கு அமைந்த வழி 'டைனமிக் டிஎன்எஸ்' என்பதாம். அதன் தோற்றமும் இயல்பும், அதனை அமைக்கும் முறையும், அதனால் விளையும் நன்மை தீமைகளும் ஈண்டு முறையே கூறுவாம்.

பக்கங்களை வைத்தற்குப் பெருநிறுவனங்கள் பல இருப்ப, வீட்டிலேயே சர்வர் ஒன்றை நடத்துவது எற்றுக்கு எனச் சிலர் வினவக்கூடும். பிறர் மனையில் குடியிருப்போர் மனைக்குரியவர் விரும்புங்காறும் மட்டுமே ஆண்டு இருத்தல் கூடும். 'ஜியோசிட்டீஸ்' என்னும் இடத்திற் பல்லாயிரவர் தம் எழுத்துக்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தனர். அதனை நடத்திய யாஹூ நிறுவனம் 2009-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஜப்பான் நீங்கலாக, அதனை மூடிவிட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தவை பிழைத்தன, ஏனைய அழிந்தன. தம் எழுத்தைத் தம் வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருப்போர்க்கு இவ்வச்சம் இல்லை. அதற்கு வேண்டும் கருவியும் இன்று எளிதிற் கிடைக்கின்றது. 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த 'ராஸ்பெரி பை' போன்ற, உள்ளங்கையில் அடங்குங் கணினியே ஒரு சிறு நூலகத்தின் பக்கங்களை வழங்கப் போதியதாகும். குறையாக நிற்பது நிலைத்த முகவரி ஒன்றே.

இணையத்திற் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 1981-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற முறையின்படி அது 203.0.113.25 என்பது போல நான்கு எண்களாக எழுதப்படும்; ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296 மட்டுமே. இத்தொகை அந்நாளில் மிகப் பெரிதாகத் தோன்றியது. ஆனால் மக்கள் ஒவ்வொருவரும் கைப்பேசியும் கணினியும் ஏந்தத் தொடங்கிய பின்னர்ச் சாலாதாயிற்று. உலகத்தின் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாளில் வட்டார அமைப்புக்களுக்கு முற்றிலும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

அருகிய பொருளைப் பலர்க்கும் பயன்படச் செய்யும் வழி, வேண்டும் போது கொடுத்து வேண்டாத போது மீட்டலே. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. வீட்டு ரவுட்டர் இணைப்பைக் கோரும்போது ஒரு முகவரியைக் குறித்த தவணைக்கு அளிக்கின்றன. தவணை முடியினும், மின்சாரம் நின்று ரவுட்டர் மீண்டும் எழுந்தாலும், அம்முகவரி மாறக்கூடும். பக்கங்களைப் படிப்பவர்க்கு இதனாற் கேடில்லை. வினவுவோர் தாமேயாதலின் விடை அவ்வப்போதைய முகவரிக்கே வந்து சேரும். பிறர் தம்மை நாடி வருதலை விரும்பும் சர்வர்க்கோ இது பெருங்கேடாகும். நேற்று வந்த வழியே இன்று வருவோன் வேறொருவர் வாயிலில் நிற்பன்.

இனிப் பெயரின் வரலாற்றை நோக்குவாம். இணையத்திற்கு முன்னோடியாகிய 'அர்ப்பாநெட்' என்னும் அமெரிக்க வலையமைப்பிற் கணினிகள் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் அக்கோப்பைப் பேணினர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக் கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக இம்முறை தளர்ந்தது. ஒருவர் படியெடுத்து முடிக்குமுன் மூலம் மாறிவிடும். ஆகவே 1983-ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் 'டொமைன் நேம் சிஸ்டம்' என்னும் பெயர்முறையை வகுத்தார். டிஎன்எஸ் என்பது இதன் சுருக்கமே. இம்முறையின் திருந்திய வரையறை 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவே இன்றைக்கும் அடிப்படையாக நிற்கின்றது.

இதன் நுட்பம் பொறுப்பைப் பகிர்ந்தளித்தலில் உள்ளது. ஒரே ஏட்டில் உலகத்துப் பெயர்களையெல்லாம் எழுதாமல், ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியவரிடமே விட்டுவிடுதல் இம்முறை. ஒருவர் ஒரு பெயரை உலாவியில் எழுதியதும், அவர்க்காகத் தேடும் சர்வர் ஒன்று முதலில் வேர்ச் சர்வர்களை வினவும். இவை ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பதின்மூன்று எழுத்துக்களாற் பெயர் பெற்றவை. வேர்ச் சர்வர் முழு விடையையும் கூறாது. 'ஆர்க்' என முடியும் பெயர்களை அறிவோர் இன்னார் என வழிகாட்டும். அவர் அடுத்தவரைக் காட்டுவர். இறுதியில் அப்பெயர்க்கு உரிமையுடைய சர்வரே எண்ணைக் கூறும். பெற்ற விடையைத் தேடிய சர்வர் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எத்துணைக் காலம் வைக்கலாம் என்பதையும் விடையளித்தவரே நொடிக்கணக்கிற் குறித்துவிடுவர். இந்நினைவுக் காலமே நம் பொருளுக்கு உயிர்நிலையாவது. எண் மாறாத சர்வர்க்கு அதனை ஒரு நாள் எனக் குறிப்பினும் இழுக்கில்லை. எண் அடிக்கடி மாறும் சர்வர்க்கோ ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் எனக் குறுக்கி வைத்தல் வேண்டும். இன்றேல், புதிய எண் எழுதப்பட்ட பின்னரும் உலகோர் பழைய எண்ணையே நாடிச் செல்வர்.

முதற்கண் ஏட்டில் எண்ணை மாற்றுதல் மனிதர் கையாற் செய்யும் வேலையாகவே இருந்தது. கணினி தானே தன் மாற்றத்தை அறிவித்து ஏட்டைத் திருத்தும் நெறி 1997-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரி மாணவர் சிலர், இவ்வசதியை யாவர்க்கும் அளிக்கும் 'டைன்டிஎன்எஸ்' என்னும் பணியைத் தொடங்கினர். மாணவர் முயற்சியாக எழுந்த அது பின்னர் 'டைன்' என்னும் பெருநிறுவனமாயிற்று. டைனமிக் டிஎன்எஸ் என்பது அரிய மாயமன்று. ஊர் மாறியவர் தபால் நிலையத்திற்குத் தம் புதிய விலாசத்தை எழுதித் தெரிவிப்பது போன்றதே. வீட்டிலுள்ள சிறு நிரல் ஒன்று அவ்வப்போது தன் வெளிமுகவரியை நோக்கும். மாறியிருப்பின், பெயர் ஏட்டை வைத்திருப்போர்க்குத் தன் இரகசியச் சொல்லுடன் அதனை அறிவிக்கும். அவர் ஏட்டைத் திருத்துவர்.

இனி அமைக்கும் முறையைக் கூறுவாம். முதற்கண் ஆராய வேண்டுவது, நம் வீட்டிற்கு உண்மையான வெளிமுகவரி உண்டா என்பது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரியாகக் காட்டப்படும் எண்ணும், நம் முகவரியைக் கூறும் இணையப் பக்கம் காட்டும் எண்ணும் ஒன்றாயின் நன்று. இரண்டும் வேறாயின், சிறப்பாக ரவுட்டரின் எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியில் இருப்பின், இணைப்பு நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துள்ளது என்பது தெளிவு. இதற்கென்றே அத்தொகுதி 2012-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. அந்நிலையில் டைனமிக் டிஎன்எஸ் மட்டும் பயன்படாது. பெயர் சரியான எண்ணைக் காட்டினும், வருவோன் பொதுவாயிலோடு நின்றுவிடுவன். நிறுவனத்தினிடம் தனி முகவரி கேட்டுப் பெறுதல், அல்லது ஐபி ஆறாம் பதிப்பு என்னும் நெடிய முகவரியைப் பயன்படுத்துதல், அல்லது வெளியிலுள்ள வேறொரு சர்வர்க்கு உள்ளிருந்தே வழி அமைத்தல் என்னும் மூன்றனுள் ஒன்றைக் கொள்ளல் வேண்டும். இதனை முதலில் ஆராயாது ஏனைய படிகளைத் தொடங்குவோர் வீணே உழைப்பர்.

இரண்டாவது, வீட்டினுள்ளே சர்வர்க்கு நிலையான எண்ணைத் தருதல். வீட்டுள் வழங்கும் 192.168 எனத் தொடங்கும் எண்களும் ரவுட்டரால் தவணைக்கே தரப்படுவன. ஆதலின், இக்கருவிக்கு எந்நாளும் 192.168.1.10 என்பதையே தருக என ரவுட்டரிற் குறித்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பெயரிடுதல். இங்கே மூவகைப் பெயர்களை வேறு பிரித்து உணர்தல் இன்றியமையாதது. பலர் மயங்குவதும் இங்கேதான். முதலது, கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர். இதனையே ஹோஸ்ட்நேம் என்பர். லினக்ஸ் கணினிகளில் 'எட்ஸி' என்னும் அடைவில் உள்ள 'ஹோஸ்ட்நேம்' என்னும் கோப்பில் இப்பெயர் இருக்கும். 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்னும் கட்டளையால் இதனை மாற்றலாம். அவ்வடைவிலேயே உள்ள 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பிலும் அப்பெயரை எழுதுதல் முறை. பழைய அர்ப்பாநெட் கோப்பின் எச்சமாக இன்றும் ஒவ்வொரு கணினியிலும் நிற்பது அதுவே. இரண்டாவது, உலகத்து ஏட்டில் எழுதப்படும் பெயர். மூன்றாவது, பக்கங்களை வழங்கும் நிரல் இப்பெயரால் அழைத்தால் விடையளிப்பேன் என அறிந்திருக்கும் பெயர். அப்பாச்சி என்னும் நிரலில் இது 'சர்வர்நேம்' எனப்படும். முதலதை மாற்றிய மாத்திரத்தில் ஏனைய இரண்டும் மாறிவிடா. கணினிக்கு என்ன பெயரிட்டாலும், உலகத்து ஏட்டில் அது பதியப்படாதாயின் வெளியூரார் அதனை அறியார். ஏட்டிற் பதியப்பட்டும் சர்வர்நேம் குறிக்கப்படாதாயின், தன் முழுப்பெயரைத் திண்ணமாக அறியக்கூடவில்லை என அப்பாச்சி எச்சரிக்கும். இம்மூன்றாவது பெயர் ஒரு நன்மையும் தருகின்றது. 1997-ஆம் ஆண்டு வரையறையின்படி உலாவி தான் நாடும் பெயரையும் உடன் அனுப்புதலின், ஒரே எண்ணில், ஒரே பெட்டியில் பல பெயர்களுக்குரிய பக்கங்களை வைத்து வழங்கலாம்.

நான்காவது, டைனமிக் டிஎன்எஸ் அளிப்போர் ஒருவரிடம் பெயரைப் பதிதல். 'டக் டிஎன்எஸ்' என்பது கட்டணமின்றி அளிப்போருள் ஒன்று. அவர் தம் பெயரின்கீழ் நாம் விரும்பும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தருவர். உடன் ஒரு நெடிய இரகசியச் சொல்லையும் தருவர். இவ்விரகசியத்தை அறிந்தோர் எவரும் நம் பெயரைத் தம் இல்லத்திற்குத் திருப்பிவிடக் கூடுமாதலின், அதனைப் பிறர் படிக்கவொண்ணாத கோப்பிலேயே வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, அறிவிக்கும் நிரலை ஏற்படுத்துதல். சில ரவுட்டர்களில் இவ்வசதி உடனமைந்தே இருக்கும். இல்லையாயின், 'டிடிகிளையண்ட்' போன்ற நிரலைச் சர்வரில் நிறுவலாம்; அல்லது குறித்த நேரத்திற் கட்டளைகளை இயக்கும் 'கிரான்' என்பதைக் கொண்டு ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அறிவிக்கலாம். டக் டிஎன்எஸ் சுருங்கிய விடை தரும்: ஏற்றால் 'ஓகே', மறுத்தால் அதனையே தலைகீழாக்கிக் 'கேஓ'. வேறு சில நிறுவனங்கள், முகவரி மாறாமலிருக்கவே மீண்டும் மீண்டும் அறிவிப்பாரைத் தடைசெய்துவிடும். ஆகவே மாறியபோது மட்டும் அறிவிக்கும் நிரலே அவர்பாற் சிறந்தது. எம்முறையாயினும், விடைகளைக் கோப்பில் எழுதி வைத்து இடையிடையே நோக்குதல் நன்று. அறிவிப்பு நின்றுபோயின் அன்றே தெரியாது. முகவரி மாறும் நாளிலேயே தெரியும்.

ஆறாவது, வாயில் திறத்தல். வெளியிலிருந்து வருவோரை ரவுட்டர் இயல்பாகவே தடுத்து நிறுத்தும். போர்ட் எனப்படும் எண்வாயில்களுள் 80, 443 என்னும் இரண்டிற்கு வருவோரை மட்டும் 192.168.1.10-க்கு அனுப்புக என அதற்குக் கட்டளையிடல் வேண்டும். வேறு வாயில் எதனையும் திறத்தல் கூடாது. பின்னர்ச் சோதிக்கும்போது வீட்டினுள்ளிருந்து அப்பெயரை நாடினால், சில ரவுட்டர்கள் வெளிமுகவரிக்குச் சென்று திரும்பும் வழியைத் தாராமையின், பக்கம் தோன்றாமற் போகலாம். ஆகவே வைஃபையை நிறுத்திக் கைப்பேசியின் சொந்த இணைப்பினால் நோக்குதலே சரியான சோதனையாம்.

ஏழாவது, சான்றிதழ் பெறுதல். 2015-ஆம் ஆண்டு முதல் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் வழங்குகின்றது. பெயர் நம் ஆட்சியில் உள்ளதா என்பதை 80-ஆம் வாயில் வழியாகவோ, பெயர் ஏட்டின் வழியாகவோ அது தானே சோதிக்கும். சான்றிதழின் காலம் குறுகியதாதலின் அதனைப் புதுப்பித்தலையும் நிரலிடமே ஒப்புவித்தல் தகும். டைனமிக் டிஎன்எஸ் கொள்வார்க்கு இது ஏனையோரினும் மிகுதியும் வேண்டுவது. என்னை? அறிவிக்கும் நிரல் நின்றிருக்க, நம் பழைய முகவரி வேறொரு வீட்டிற்குத் தரப்படுமாயின், நம்மை நாடி வருவோர் அறியாமலே அவ்வீட்டுக் கருவியின்பாற் செல்வர். தம் கடவுச்சொல்லையும் ஆண்டே கூறிவிடக்கூடும். சான்றிதழுக்குரிய திறவுகோல் அவ்வீட்டார் கையில் இன்மையின், உலாவி எச்சரித்து வருவோரைத் தடுத்துவிடும். பெயர் ஒன்றே ஒருவரை இன்னார் என உறுதிப்படுத்தாது. அதனைக் காக்கும் சான்றும் உடன் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எச்சரிக்கையாக இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுதல் தகும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், 'நோ-ஐபி' என்னும் டைனமிக் டிஎன்எஸ் நிறுவனத்தின் பெயர்கள் இருபதுக்கு மேற்பட்டவற்றை மைக்ரோசாப்ட் நிறுவனம் அமெரிக்க நீதிமன்ற ஆணையால் தன் கைப்படுத்தியது. தீய நிரல்களைப் பரப்புவோர் அப்பெயர்களைப் பயன்படுத்தினர் என்பது அதன் வாதம். ஆனால் அப்பெயர்களின்கீழ்க் குற்றமற்ற பலருடைய வீட்டுச் சர்வர்களும் இருந்தன; அவையும் உடன் மறைந்தன. சில நாட்களின் பின்னரே பெயர்கள் மீண்டன. பிறர் பெயரின் நிழலில் வாழ்வோர்க்கு அப்பிறர்க்கு வருங்கேடும் பங்காகும் என்பதை இது காட்டும். டைன் நிறுவனமும் தன் இலவசப் பணியை அதே 2014-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. இதற்குப் பரிகாரம் உண்டு. ஆண்டுக்கட்டணம் செலுத்தித் தமக்கெனச் சொந்தப் பெயரொன்றைப் பதிந்துகொண்டு, அதன்கீழுள்ள ஒரு பெயரை டைனமிக் பெயர்க்கு மறுபெயராக அமைத்தல் கூடும். இவ்வமைப்பைச் 'சிநேம்' என்பர். அளிப்போர் மறைந்தாலும் மறுபெயரை வேறொருவர்பால் திருப்பிவிடலாம். நம்மை அறிந்தோர் நம் பெயரை மறக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நிகழ்ந்தது. 'மிராய்' என்னும் தீய நிரல், வீடுகளிலுள்ள காமிரா, ரவுட்டர் முதலியவற்றைக் கவர்ந்து, அவற்றைக் கொண்டு டைன் நிறுவனத்தின் பெயர்ச் சர்வர்களைத் தாக்கியது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்களும் பலர்க்கு எட்டாவாயின. அத்தளங்கள் கெடவில்லை, அவற்றின் பெயரை எண்ணாக்கிக் கூறுவோரே வாயடைத்து நின்றனர். கருவிகளை அந்நிரல் கவர்ந்தது நுண்ணிய சூழ்ச்சியாலன்று. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்களை உரியவர் மாற்றாது விட்டமையே அதற்கு வாயிலாயிற்று. வீட்டு வாயிலை உலகத்திற்குத் திறப்போர் தம் பொருளை மட்டுமன்றிப் பிறர் நலத்தையும் காக்கும் கடமை உடையர். கடவுச்சொற்களை மாற்றுதல், நிரல்களை அவ்வப்போது புதுப்பித்தல், வேண்டாத வாயில்களை அடைத்தல் என்னும் மூன்றும் தவிர்க்கலாகா ஒழுக்கங்கள்.

தமிழ் பயில்வார்க்கு உவகை தரும் செய்தி ஒன்றும் உண்டு. இணையப் பெயர்கள் நெடுங்காலம் ஆங்கில எழுத்தாலேயே அமைந்திருந்தன. இன்று '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் முடிபுகளும் வேர் ஏட்டில் உள்ளன. தமிழெழுத்தாலான பெயரைப் 'ப்யூனிகோடு' என்னும் 2003-ஆம் ஆண்டு வரையறையின்படி உலாவி தானே ஆங்கில எழுத்துக்களாக மாற்றி டிஎன்எஸ் முறையை வினவும். ஆகவே சொந்தப் பெயர் கொள்வார், தம் வீட்டுச் சர்வரைத் தமிழ்ப் பெயரால் அழைத்தற்கும் இடமுண்டு. முற்கூறிய மறுபெயர் முறை அதற்கும் ஒக்கும்.

இதுகாறுங் கூறியவற்றால், முகவரி நிறுவனம் தருவது என்பதும், பெயர் அளிப்போர் தருவது என்பதும், அவ்விரண்டையும் இடையறாது இணைக்கும் சிறு நிரலே டைனமிக் டிஎன்எஸ் முறையின் உயிர் என்பதும் போதரும். கல்லூரி விட்டு நீங்கிய பின்னர் நம்முள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர்க்குச் செல்வோம். தங்குமிடங்களும் பலகால் மாறும். தாம் தொகுத்த சொற்பட்டியையும், ஊர் வரலாற்றையும், முன்னோர் வைத்துச் சென்ற ஏடுகளின் படிகளையும் ஒரு சிறு பெட்டியில் வைத்து, செல்லும் ஊர்தோறும் உடன்கொண்டு, அப்பெட்டிக்கு ஒரே பெயரை நிலைபெறுத்தி, நாடி வருவோர்க்கு வழங்குதல் இன்று மாணவர்க்கும் இயல்வதே. பொருட்செலவு சிறிது, வேண்டுவது பொறுமையும் விழிப்பும். நண்பர்கள் சிலரேனும் இம்முயற்சியில் ஈடுபடுவாராயின், அழிந்தொழியும் எழுத்துக்களுள் சிலவாயினும் நிலைபெறும்.